சாயம் தரும் மின்சாரம்

சுவருக்குப் பூசும் வெள்ளை வண்ணத்தில் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் பொடி சேர்ந்திருக்கிறது. அது மலிவானது, வெயிலுக்கு அஞ்சாதது. ஆயினும் அதன் வெண்மையே அதற்கு ஒரு குறை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை அது ஏற்பதில்லை. புற ஊதாக் கதிர்களை மட்டுமே உட்கொள்ளும். இப்பொடியைக்கொண்டு சூரிய ஒளியை மின்சாரமாக்குவது எங்ஙனம்?

சாயமேற்றினால் முடியும். 1873-இல் பெர்லின் நகரில் வோகெல் என்னும் அறிஞர், புகைப்படத் தகட்டில் சாயத்தைக் கலந்தபோது, அது முன்பு உணராத பச்சை ஒளியையும் உணரக் கண்டார். அக்கருத்தை ஒட்டி, 1991-இல் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரிலிருந்து ஓரீகன், கிராட்ஸெல் என்னும் இருவர் ஒரு மின்கலத்தை அறிவித்தனர். வெண்பொடியின் நுண்துகள்களைப் படலமாக்கி, அதன்மேல் ருத்தீனியம் அடங்கிய சாயத்தைப் படியவைத்திருந்தனர்.

ஒளி பட்டதும் சாய மூலக்கூறு ஓர் எலெக்ட்ரானைப் பொடிக்கு ஈகிறது. அந்த எலெக்ட்ரான் வெளிச்சுற்றில் ஓடி, மறு முனையை அடைகிறது. இழந்ததை அயோடின் சேர்ந்த கரைசல் சாயத்திற்கு ஈடு செய்கிறது. இவ்வாறு கொடுப்பதும் பெறுவதும் ஓயாமல் நடைபெறும்.

ஆனால் ருத்தீனியம் கிடைத்தற்கரிய உலோகம். ஆகவே, உலோகமே இல்லாத கரிமச் சாயங்களை வேதியியலார் நாடினர். அச்சாய மூலக்கூற்றின் ஒரு முனை எலெக்ட்ரானைக் கொடுக்கும். மறு முனை அதை வாங்கிப் பொடியைப் பற்றி நிற்கும். இடையில் ஒரு பாலம் உண்டு. மெல்லிய படலத்திலேயே மிகுந்த ஒளியை விழுங்குவது இவற்றின் சிறப்பு. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, பெற்ற ஆற்றலை வீணாக்குவதும், ஒரு சாயம் ஒளியின் ஒரு பகுதியை மட்டுமே கவர்வதும் இவற்றின் குறைகள்.

ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புமாறு இரு சாயங்களைச் சேர்ப்பது அதற்கு ஒரு பரிகாரம். 2015-இல் ஜப்பானியர் இவ்வழியே 14 விழுக்காட்டைத் தாண்டினர். 2022-இல் லோசான் ஆய்வாளர், சாயம் செறிவாகப் படியுமாறு பொடியின்மேல் முதலில் வேறொரு பொருளைப் படியவைத்து, 15.2 விழுக்காட்டை எட்டினர். சிலிக்கன் தகடுகளோ 20 விழுக்காட்டுக்கு மேல் தருகின்றன. எனவே, திறந்த வெயிலில் இவை சிலிக்கனை வெல்வது அரிது. வீட்டு விளக்கின் மங்கலொளியில் சிறு கருவிகளை இயக்குவதே இவற்றுக்கு ஏற்ற பணி.

மற்றொரு சோதனையும் உண்டு. 20 ஆண்டு வெயிலில் உழைப்பதற்கு ஒரு சாய மூலக்கூறு ஏறக்குறைய பத்துக் கோடி முறை எலெக்ட்ரானைக் கொடுத்துப் பெற வேண்டும். அத்தனைக்கும் வெளுக்காத சாயமே மெய்யான சாயம். ஆய்வாளரின் தேட்டமெல்லாம் அதுவே.