முகச் சீரமைப்பு: எதற்கு உதவி தருகிறோம்?

(மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

2021-இல் கொரோனாவோடு சேர்ந்து வந்த கருப்புப் பூஞ்சை நோயை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சர்க்கரை கட்டுப்படாதவர்களையும், ஸ்டீராய்டு அதிகம் ஏறியவர்களையும்தான் அது பெரும்பாலும் பிடித்தது. பூஞ்சை இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். இரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். அங்கே மருந்தும் போய்ச் சேராது. அதனால்தான் கன்னம், மேலண்ணம், சிலருக்குக் கண் என்று வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குடிக்கும் தண்ணீர் மூக்கில் வருகிறது, பேச்சு புரிவதில்லை, கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை.

இவர்களில் சில குடும்பத்தார் விளம்பரத் தாளோடு நம்மிடம் வருகிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் கன்னம் திரும்ப வளருமாம். நகையை விற்கவும் தயாராக இருக்கிறார்கள். வேண்டாம் என்கிறோம். ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்றது அந்த வழிகாட்டுதல்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. மேலண்ணத்து ஓட்டைக்குப் பல் செட் போன்ற அடைப்பை பல் மருத்துவக் கல்லூரிகளில் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். செலவும் குறைவு, சாப்பாடு மூக்கில் ஏறுவதும் பெருமளவு குறையும். எங்களைக் கேட்டால் முதலில் இதைத்தான் செய்துகொள்ளச் சொல்வோம். இழப்பு பெரிதென்றால் தொடைச் சதையையோ கால் எலும்பையோ இரத்தக் குழாயோடு எடுத்து முகத்தில் பொருத்துகிறார்கள்.

பிறகும் கன்னம் குழிந்து, வடு இறுகியிருந்தால் கொழுப்பு ஏற்றும் சிகிச்சை உண்டு. நம் வயிற்றுக் கொழுப்பையே உறிஞ்சிச் சுத்தப்படுத்தி, குழிக்குள் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். அந்தக் கொழுப்பிலேயே இயற்கையாக ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. பலருக்கு வடுத்தோலும் மிருதுவாகிறது. ஒரு பங்கு கரைந்துவிடுமாதலால் இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். ஓட்டையை அதனால் மூட முடியாது. சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசி துணைக்குத்தான், அது மட்டும் போட்டு இழந்த சதை வராது. எதைச் செய்வதானாலும் பூஞ்சை முழுமையாக நீங்கியிருக்க வேண்டும், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு நம் ஆட்களே உடன் வருவார்கள். போக்குவரத்து, தங்கும் செலவு, அடைப்புக்கான செலவு டிரஸ்ட்டுடையது. டிஸ்சார்ஜ் சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றை எடுத்து வாருங்கள். முகம் காட்டத் தயங்கும் தாய்மார்கள் மூடியபடியே வரலாம். நம் சகோதரிகள் காகிதங்களை மட்டும் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.