கண்ணசைவும் கண்ட்ரோல் சிஸ்டமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்கு மருத்துவப் புஸ்தகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. என் சித்தப்பாவுக்கு நடை தள்ளாட ஆரம்பித்தது. நரம்பியல் டாக்டர் இரண்டு விரலை நீட்டி, "இதைப் பாருங்க, இப்ப அதைப் பாருங்க" என்றார். சித்தப்பாவின் கண் ஒரு விரலிலிருந்து மற்றதற்கு ஊர்ந்து போயிற்று. அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் லீ, ஸீ இருவரும் எழுதிய கண்ணசைவு நரம்பியல் நூலை எடுத்தேன். 1983-இல் முதலில் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2015.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் எலக்ட்ரிக் ட்ரெயினில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணைக் கவனியுங்கள். கம்பத்தோடு மெல்லப் பின்னே போகும். வெடுக்கென்று முன்னே தாவும். அந்தத் தாவலுக்கு 'சக்காட்' என்று பெயர். வேகம் விநாடிக்கு 500 டிகிரியையும் தாண்டும். 10 டிகிரி தாவ ஏறக்குறைய 1/20 விநாடி போதும்.

ஒரு கண்ணுக்கு ஆறு தசைகள். தாவும்போது மூளைத்தண்டு முதலில் ஒரு பலமான 'பல்ஸ்' அனுப்புகிறது. பிறகு கண்ணைப் புது இடத்தில் பிடித்துவைக்க ஒரு 'ஸ்டெப்'. பல்ஸை இன்டெக்ரேட் செய்தால் ஸ்டெப்! நாம் போர்டில் போட்ட அதே கணக்குதான். இதை விளக்கிய டேவிட் ராபின்சன் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

இனி நம் நாட்டுக் கதை. 1971-இல் பம்பாயில் நோஷிர் வாடியாவும் ஸ்வாமியும், தள்ளாட்டத்தோடு கண்ணசைவும் மெதுவாகிப்போன ஒன்பது குடும்பங்களைப் பற்றி 'பிரெய்ன்' இதழில் எழுதினார்கள். அதுவரை, சக்காட் என்பது கவண்கல் மாதிரி, விட்டால் விட்டதுதான் என்ற எண்ணம் இருந்தது. பார்வைச் செய்தி மூளைக்குப் போய்த் திரும்புவதற்குள் தாவலே முடிந்துவிடுகிறதே! 1976-இல் ஸீ, ராபின்சன் குழுவினர் இப்படி மெதுவாகக் கண் நகரும் நோயாளிகளைச் சோதித்தார்கள். கண் ஊர்ந்து போனாலும் குறியில் போய்த்தான் நின்றது. பாதியில் குறியை மாற்றினால் கண்ணும் வழி மாறியது. ஆக, கண் எங்கே இருக்கிறது என்று மூளை உள்ளுக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொண்டு, போய்ச் சேரும்வரை கட்டளை தருகிறது. உள்ளேயே ஒரு ஃபீட்பேக் லூப்! ஒரு நோய், நல்ல கண் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது.

அந்த நோய்க்கு இன்று எஸ்.சி.ஏ.2 என்று பெயர். மரபணு 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. சித்தப்பாவுக்கு இருப்பதும் இதுதான். அவருக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவள் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். புஸ்தகம் எனக்கு மருந்து தரவில்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தந்தது. சின்னவளிடம் பொய்யான தைரியம் சொல்லாமல், விஷயத்தைப் பொறுமையாகச் சொல்ல முடிந்தது.

தம்பி தங்கைகளே, வேறு துறைப் புஸ்தகம் என்று மிரளாதீர்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு பக்கம் போதும். புரிந்ததை ஒரு பிளாக் டயகிராமாகப் போட்டுப் பாருங்கள். எங்கே புரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். நம் வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்த கண்ட்ரோல் சிஸ்டம் பரீட்சையோடு முடிகிற பாடம் இல்லை.