புழுவும் இல்லை, தலையெழுத்தும் இல்லை



பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை வரை தாமிரபரணிக் கரை ஊர்களில், ஒருவர் தலையிலோ தாடியிலோ காசளவு வட்டமாக முடி உதிர்ந்தால் ஜனங்கள் அதைப் "புழுவெட்டு" என்கின்றார்கள். அந்தப் புழுவைக் கண்டவர் யார்? ஒருவருமில்லை. ஏனெனில் அங்கே புழுவே கிடையாது.

பெயர் பொய்யானாலும் அதனால் வரும் கேடு மெய்யானது. தொத்திக்கொள்ளும் என்று சீப்பை ஒதுக்குகின்றார்கள். பூர்வஜென்ம பாபம் என்று தோஷம் கழிக்கின்றார்கள். ஆணின் வழுக்கையைக் குற்றமாக எண்ணாதவர்கள், பெண்ணின் தலையில் காசளவு வெறுமை கண்டால் கலியாணத்தையே நிறுத்துகின்றார்கள். இது நியாயமா என்று கேட்கின்றோம்.

உண்மைக் காரணம் என்ன? நோய்க் கிருமிகளோடு போராட வேண்டிய நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் சில, மயிர்க்காலையே பகையென்று எண்ணித் தாக்குகின்றன. காவற்காரனே வீட்டுக்காரனை அடிப்பது போன்ற காரியம் இது. ஆனால் மயிர்க்கால் அழிவதில்லை. ஆகையால் முடி மறுபடியும் முளைக்க இடமுண்டு. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொத்துவதுமில்லை. வாழ்நாளில் எப்போதாவது நூற்றில் சுமார் இருவருக்கு இது வருகின்றது.

அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஞ்சலா கிறிஸ்டியானோ என்ற அம்மையாருக்கே இந்நோய் கண்டது. அவர் நேர்த்திக்கடன் வைக்கவில்லை, காரணத்தைத் தேடினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் ஜீன்கள் என்னும் பரம்பரைக் கூறுகளை அவருடைய குழுவினர் ஆராய்ந்து, இந்நோய்க்கு இடங்கொடுக்கும் பல கூறுகளை 2010-இல் வெளியிட்டனர்.

"அப்படியானால் பிறவியிலேயே விதித்ததுதானே?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் கண்டால், மற்றவருக்கும் காண்பது சுமார் பாதி இடங்களிலேதான். பரம்பரை கதவைத் திறந்து வைக்கலாம், அதுவே தலையெழுத்தாகிவிடாது.

சிறு வட்டமானால் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். முளைப்பது உடம்பின் வேலை. பெயர் வாங்குவதோ தேய்த்த வெங்காயமும் முடிந்துவைத்த காசும்! முளைக்காவிட்டால் வைத்தியர் அவ்விடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார். இந்நோய் கடுமையாகக் கண்ட பெரியவர்களுக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை அமெரிக்க அரசாங்கம் 2022-இல் அங்கீகரித்தது. சோதனையில் அதிக அளவு மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கே தலையில் பெரும்பகுதி முடி வளர்ந்தது. நிறுத்தினால் மறுபடி உதிரலாம். கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் அது குறைக்குமாதலால், க்ஷயரோகம் முதலியவை இல்லையென்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இவ்வளவையும் மறைக்காமல் சொல்லுவதுதான் வைத்தியத்துக்கும் மந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

தலையில் படரும் படைநோயும் சில சமயம் இதேபோல் தோன்றும், அது தொத்தக்கூடியது, அதற்கு மருந்தும் வேறு. ஆகவே பார்த்தறிந்து சொல்ல வைத்தியர் வேண்டும். பாளையங்கோட்டையில் 1965-இல் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கின்றது. பரிகாரத்துக்குக் கொடுக்கும் பணத்தை அங்கு போகும் பஸ் சார்ஜுக்குக் கொடுங்கள். முடி முளைக்கும் வரையிலும், முளைக்காமலே போனாலுங்கூட, அந்தப் பெண்ணை மனுஷியாக நடத்துங்கள். அதற்கு எந்த மருந்தும் வேண்டியதில்லை. அறிவு ஒன்றே போதும்.