நமது நோயின் கணக்கு யார் கையில்?

(புதுச்சேரியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இது மில் சங்கு கேட்டு விழித்த ஊர். ஏ.எப்.டி., சுதேசி, பாரதி ஆகிய மூன்று மில்களும் 2020-ல் மூடப்பட்டன. சங்கு நின்றுவிட்டது. ஆனால் அங்கே உள்ளே போன பஞ்சுத் தூசி தொழிலாளியின் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

சில மாதங்களுக்கு முன் வயதான மில் தோழர் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். நாலு அடி நடந்தால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. “எத்தனை வருஷமாக இப்படி? முதலில் எடுத்த நெஞ்சுப் படம் எங்கே?” என்று டாக்டர் கேட்டார். தோழர் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே இருந்த சீட்டுகள் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து கிடந்தன. முப்பது வருஷம் அவர் நூற்ற நூலுக்கு மில் கணக்கில் சாட்சி உண்டு. அவருடைய நெஞ்சு எப்போது கெட்டது என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை!

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயை நமது சட்டம் தொழில் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. நஷ்ட ஈடு கேட்க உரிமையும் உண்டு. ஆனால் எந்த இலாகாவில், எத்தனை வருஷம், எப்போது முதல் இருமல் என்று ருசுப்படுத்த வேண்டும். ருசு இல்லாதவனுக்கு உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். ஆகவே, நோயின் கணக்கு என்பது படித்தவர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது.

இப்போது அந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்குப் போகிறது. 2020 ஆகஸ்ட் 15-ல் மத்திய சர்க்கார் இதற்கான திட்டத்தை அறிவித்தது. முதலில் பரீட்சை பார்த்த ஆறு யூனியன் பிரதேசங்களில் நமது புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பரில் அது நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண். நாம் சம்மதித்தால், ஓர் ஆஸ்பத்திரியில் எழுதியதை இன்னோர் ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்கலாம். பாகூரில் நாற்று நடும் சகோதரிக்குப் பிரசவ நேரத்தில் ரத்தம் குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டால், ஜிப்மரில் இறங்கும்போதே அந்த விவரம் தயாராக இருக்கலாம். இது நல்ல காரியமா, இல்லையா? நல்ல காரியம்தான்.

இங்கிலாந்தில் 1811-ல் தொழிலாளர்கள் ஆத்திரத்தில் இயந்திரங்களை உடைத்தார்கள். குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் கையில்தான் என்பதைத் தொழிலாளி வர்க்கம் பின்னர் அனுபவத்தில் கற்றது. கம்ப்யூட்டருக்கும் அதே பாடம் பொருந்தும்.

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி சுகாதாரத்தை நிறத்துக்கு ஒன்று, பகுதிக்கு ஒன்று என்று 14 இலாகாக்களாகக் கூறு போட்டிருந்தது. கறுப்பு மக்களின் நோய்க்குச் சரியான கணக்கே கிடையாது. 1994-ல் அந்த ஆட்சி வீழ்ந்தது. அதன் பிறகு கேப்டவுன் நகரச் சுகாதார ஊழியர்களும், அங்குள்ள சர்வகலாசாலையினரும், நார்வே தேசத்து ஓஸ்லோ சர்வகலாசாலையினரும் சேர்ந்து ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். கம்பெனிக்குக் காசு கட்டாமல் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கணக்கு எழுதும் நர்ஸே தன் பகுதியில் எத்தனை குழந்தைக்கு ஊசி போடவில்லை என்று பார்த்துக்கொள்ளலாம். இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் அதைக் கையாளுகின்றன.

2014-ல் அதே நாட்டு சர்க்கார் கர்ப்பிணிகளுக்குச் சாதாரண செல்போனிலேயே செய்தி அனுப்பத் தொடங்கியது. காசு கிடையாது, அன்றிருந்த 11 ஆட்சி மொழிகளிலும் செய்தி வந்தது. அதைவிட முக்கியம், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, மரியாதை இல்லை என்றால் அந்தத் தாய் அதே போனில் புகார் எழுதலாம். செய்தி மேலிருந்து கீழே வந்தது மட்டுமல்ல, கீழிருந்து மேலேயும் போயிற்று.

நமது மண்ணிலும் அனுபவம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் நிலையங்களை ஏற்படுத்தியது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு கிராமத்து மகன் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து சுனாமி பற்றிப் போனில் எச்சரித்தார். ஜனங்கள் தகவல் நிலையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஊரே உயிர் தப்பியது. கருவி ஊரின் நடுவே, ஊராரின் கைக்கு எட்டும்படி இருந்ததே காரணம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். களை எடுக்கும் சகோதரி ஒருவர் காய்ச்சலோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பதிவுக்கு செல்போன் எண் கேட்டார்கள். அவரிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்தார். ரகசிய எண் அந்தப் போனுக்குப் போயிற்று. போனோ அவரோடு சென்னைக்குப் போயிருந்தது! ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் மத்தியானம் வரை திண்ணையில் கிடந்தார். காய்ச்சல் உடம்புக்கா, போனுக்கா?

2021-ல் ஆதாரைக் காட்டிக் கொரோனா தடுப்பூசி போட்ட பலருக்கு, அவர்கள் அறியாமலேயே இந்தச் சுகாதார எண் உருவாக்கப்பட்டது. சம்மதம் என்பது இதுதானா? 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் முடக்கினார்கள். நாட்டின் பெரிய ஆஸ்பத்திரியே பல நாட்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. நோயின் கணக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கிடைத்தால் பிரீமியம் ஏறும். முதலாளிக்குக் கிடைத்தால், “உனக்கு நெஞ்சு சரியில்லை, நாளையிலிருந்து வராதே” என்பான். நம்மைக் காக்க வேண்டிய சாட்சி நமக்கு எதிராகவே திரும்பிவிடும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: எண் இல்லை, போன் இல்லை என்று எவருக்கும் வைத்தியத்தை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது.

இரண்டு: சம்மதம் கேட்பதைத் தமிழில், வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும்.

மூன்று: கம்ப்யூட்டரில் ஏறும் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பிரதி நோயாளி கையில் தரப்பட வேண்டும்.

நான்கு: முதலாளிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அந்தக் கதவு திறக்கக் கூடாது.

ஐந்து: நோயாளியின் கணக்கில் அவர் செய்யும் தொழிலும் ஏற வேண்டும். எந்த மில், எந்த இலாகா, எத்தனை வருஷம். எந்த வயல், எந்தப் பூச்சி மருந்து என்று எழுதாத கணக்கு அரைக் கணக்குதான்.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். தோழரின் பெயர், வேலை, வருஷம், இருமல் தொடங்கிய மாதம் ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு எழுதிப் பூட்டி வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

1936 ஜூலை 30-ல் இந்த ஊரில் 12 மில் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். வேலை நேரத்துக்கு ஒரு கணக்கு வேண்டும் என்பதும் அந்தப் போராட்டத்தின் கோரிக்கை. அன்று மில் கடிகாரம் முதலாளியுடையது. நமது முன்னோர் கடிகாரத்தை உடைக்கவில்லை. எட்டு மணி நேரத்தை வென்றார்கள். நாமும் கம்ப்யூட்டரை உடைக்க வேண்டாம். அதில் ஏறும் நமது மூச்சின் கணக்கை நமது கைக்குக் கொண்டுவருவோம், தோழர்களே!