சண்டை வேறு, வாடகை வேறு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியர் ஒருவன் வாடகை வீட்டைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நினைப்பீர்கள். படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் முதலில் கையெழுத்துப் போடுவது வேலைக்கு; அடுத்தது வாடகை ஒப்பந்தத்துக்கு. இரண்டாவதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதே காரைக்காலில் குடியிருந்தேன். ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. வீட்டுக்காரர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே நாளைக் கடத்தினார். கோபத்தில் இரண்டு மாத வாடகையை நிறுத்திவிட்டேன். உடனே, "வீட்டைக் காலி பண்ணு" என்றார்.

நம் கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஒரு வழக்கறிஞரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, நியாயம் உங்க பக்கம்தான் இருந்துச்சு. வாடகையை நிறுத்தின அன்னைக்கே அது அவர் பக்கம் போயிடுச்சு."

புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கென 1969-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அவர் விளக்கினார். வீட்டுக்காரர் நினைத்தவுடன் பூட்டுப் போட முடியாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப்போட்டு, சட்டம் சொல்லும் காரணத்தை நிரூபித்து உத்தரவு வாங்க வேண்டும். சொந்தக் குடியிருப்புக்குத் தேவை, உள்வாடகை, வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல் முதலியவை அந்தக் காரணங்கள். கடைசிக் காரணத்தை நானே அவர் கையில் எடுத்துக் கொடுத்திருந்தேன்!

பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாங்க மறுத்தார். அதற்கும் சட்டத்தில் வழி இருந்தது. வங்கிக் கணக்கைத் தெரிவிக்கச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம். பதில் இல்லையென்றால் மணியார்டர். அதுவும் திரும்பினால் அதிகாரியிடமே பணத்தைக் கட்ட மனு. கடிதம் போன மறுவாரமே வீட்டுக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். அடுத்த மழைக்குள் கூரையும் சரியாயிற்று. கோர்ட் படி ஏறவே இல்லை.

மாணவத் தம்பிகளே, வாஞ்சூரைத் தாண்டி நாகூர் போனால் சட்டமே வேறு. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஆகவே எந்த ஊரில் வீடு எடுக்கிறீர்களோ அந்த ஊர்ச் சட்டத்தைக் கேளுங்கள். சில கட்டடங்களுக்கு விலக்கும் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு.

அட்வான்ஸ் கொடுத்தாலும் வாடகை கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள். சண்டை எத்தனை பெரிதானாலும் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். கூரை ஒழுகிய வீட்டில் நான் படித்த பாடம் இதுதான்.