‘பாசிட்டிவ்’ என்றால் நல்ல செய்தியா?

(சமூக மன்றத்தில் மூத்தோருக்கு ஆற்றிய உரை)

எல்லாரும் பசியாறிவிட்டு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. உடல்நலக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. அதனால் இன்று ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

என் மாமாவுக்கு அப்போது 66 வயது. மலப் பரிசோதனை செய்து அனுப்பியிருந்தார். சில வாரங்களில் தொலைபேசியில் அழைத்து, ஆங்கிலத்தில் முடிவைச் சொன்னார்கள். மாமா போனை வைத்துவிட்டு அத்தையிடம், “பாசிட்டிவாம், கவலை இல்லை” என்றார். பின்னால் வந்த கடிதம், தண்ணீர் மின்சாரக் கட்டண ரசீதுகளோடு தொலைக்காட்சிக்கு அடியில் போய்விட்டது. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் நான் அதைப் பார்த்தேன். ஐந்து மாதம் ஓடியிருந்தது.

நாம் பேசும்போது ‘பாசிட்டிவ்’ என்றால் நல்லது. “பாசிட்டிவாக யோசி” என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறோம். மருத்துவத்தில் அதற்கு வேறு பொருள். தேடிய ஒன்று தென்பட்டிருக்கிறது என்று பொருள். ‘நெகட்டிவ்’ என்றால் அது தென்படவில்லை. மாமா படிக்காதவர் இல்லை. துறைமுகத்தில் 30 ஆண்டு வேலை பார்த்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். அவருக்கே அப்படி ஆயிற்று.

அதற்காகப் ‘பாசிட்டிவ்’ என்றவுடன் புற்றுநோய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். மலப் பரிசோதனை தேடுவது, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை. மூல நோய் இருந்தாலும் இரத்தம் வரும். குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனப்படும் சிறு சதை வளர்ச்சி இருந்தாலும் வரும். எது காரணம் என்று அறியத்தான் கொலனோஸ்கோப்பி. மாமாவுக்கு அதில் இரண்டு பாலிப்கள் இருந்தன. பரிசோதனையின்போதே அகற்றிவிட்டார்கள். சில வகைப் பாலிப்கள் பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறக்கூடியவை. மாறுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. முந்தின நாள் குடிக்கக் கொடுத்த பேதி மருந்துதான் பெரிய கொடுமை என்று மாமா இன்றும் சொல்வார்.

“எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் பரிசோதனை? வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்வதா?” என்று கேட்பவர்கள் உண்டு. என் அம்மாவே கேட்டிருக்கிறார். ஆனால் ஒன்றும் செய்யாதபோது பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனைகளே. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது. கொலஸ்ட்ரால் கூடினால் உடம்பு சொல்லாது. நீரிழிவு சத்தமில்லாமல் சில ஆண்டுகள் இருந்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் தொட்ட பிறகு தெரிவதும் உண்டு. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதலாகக் காணப்படுகிறது. இதை நம் ஆட்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது என் வருத்தம்.

இந்த மூன்றுக்கும் 40 வயதிலிருந்து, மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை செய்யவேண்டும். முடிவு எல்லையை ஒட்டி இருந்தால் டாக்டர் இன்னும் சீக்கிரம் வரச் சொல்வார். பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை 25 வயதிலேயே தொடங்குகிறது. 30 வயதிலிருந்து அது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் எச்பிவி பரிசோதனை. “எனக்கு மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷம் ஆச்சு, இனி எதற்கு?” என்று நினைக்கவேண்டாம் அம்மா, 69 வயது வரை அது பொருந்தும். மார்பக எக்ஸ்ரே 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 60 தாண்டியவர்கள் கண், காது, பல் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் மகளுக்கு 30 வயதாகியிருந்தால், இன்று வீட்டுக்குப் போய் அவரிடமும் கேளுங்கள்.

மலப் பரிசோதனை 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை. பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. இருந்தும், பரிசோதனைப் பெட்டியை வாங்கிப்போய் அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. கூச்சம்தான் காரணம். கழிப்பறைத் தொட்டியில் ஒரு தாளை விரித்து, மலம் தண்ணீரில் படுவதற்கு முன் சிறு குச்சியால் நாலைந்து இடத்தில் தொட்டு எடுத்து, குழாயில் போட்டு மூடவேண்டும். இரண்டு தனித்தனி நாளில் இப்படிச் செய்யவேண்டும். ஒரு நாள் எடுத்துவிட்டு மறுநாள் மறந்துவிடாதீர்கள். உணவுக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைக்கு எத்தனை முறை கழுவிவிட்டிருப்பீர்கள்! இது அதைவிடச் சுலபம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரத்தம் போனால் பெட்டிக்காகக் காத்திருக்கவேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள்.

காசைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொண்ட குடிமக்கள், நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் பரிசோதனைகளையும் மலப் பரிசோதனையையும் அந்த மருந்தகத்தின் மூலம் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மார்பக எக்ஸ்ரேக்குக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதற்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம்.

மாமா விஷயத்துக்கே திரும்ப வருகிறேன். அவர் பரிசோதனையைத் தவிர்க்கவில்லை, முடிவைத்தான் தவறாகப் புரிந்துகொண்டார். ஆகவே, யாராவது போனில் முடிவு சொன்னால், “நான் திரும்ப வரவேண்டுமா, வேண்டாமா? எந்தத் தேதி?” என்று கேளுங்கள். புரியவில்லை என்றால், தமிழில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடிதம் வந்தால் மகனிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ அன்றைக்கே காட்டுங்கள்.

கைப்பையில் அப்படி ஒரு கடிதத்தை மடித்து வைத்திருக்கிறவர்கள் இங்கேயே ஓரிருவர் இருக்கலாம். தேநீர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் 12 மணி வரை உட்கார்ந்திருப்பேன். கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.