மலைவீட்டின் சுவர் நிறம்

வண்ணக் கடைகளில் காட்டும் அட்டைகளில் ‘டோப்’ என்று ஒரு நிறம் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அச்சொல், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு சிற்றுயிரின் பெயர். அதன் மயிரின் நிறம் சாம்பல் கலந்த பழுப்பு.

சேர்வராயன் மலைக்கு இது அயல்நிறம் அன்று. இம்மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வினத்தது. அதனால் வந்த பெயர். உடைத்த முகம் நீலம் பூத்த சாம்பல். மழையிலும் வெயிலிலும் கிடந்த முகம் பழுப்பு. காப்பித் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்கின் பட்டையும், இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் மூங்கில் தட்டியில் மண் அப்பிக் கட்டிய பழைய வீடுகளும் இந்நிறத்துக்கு உறவினவே. ஆதலின் ஏற்காட்டில் வீட்டின் வெளிச்சுவருக்கு இது மிகப் பொருந்தும்.

உள்ளறைக்கு வரும்போதுதான் சிந்திக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முன்கூடத்துக்கு ஆழ்ந்த டோப் பூசினார்கள். பார்வைக்கு அழகுதான். மழைக்காலம் வந்தது, பாட்டியார் அரிசியில் கல் பொறுக்கத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார், பிள்ளைகள் நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தார்கள். புதிய வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். நடுத்தர டோப் மூன்றில் ஒரு பங்கு தந்தால் பெரிது. சமவெளியில் இது கண்ணுக்கு இதம். 5,000 அடி உயரத்தில், மூடுபனி சன்னலை அடைக்கும் ஊரில், இது இருட்டு. மேலும் பனிநாளின் ஒளி நீலம் சார்ந்தது. சாம்பல் மிகுந்த கலவை அதில் ஊதா பாரித்துக் குளிர்ந்து தோன்றும். செம்மண்ணின் சாயல் உள்ள வெளிறிய கலவையைத் தேர்ந்து, விட்டத்துக்கு வெள்ளையே பூசுவது நலம். வாங்குமுன் இரண்டடிச் சதுரம் பூசி, பனிக் காலையிலும் விளக்கொளியிலும் பாருங்கள். கடையின் சிற்றட்டையை நம்புவது, உப்புக்கல்லை நக்கிக் குழம்பை மதிப்பிடுவது போன்றது.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் பளபளக்கும் எண்ணெய் வண்ணத்தை இறுகப் பூசினால் ஈரம் போக வழியின்றிக் கொப்புளம் எழும்பும், பூசணம் பிடிக்கும், இளைப்புநோய் உள்ளவர்க்கு அது தீங்கு. நீர்த்த சுண்ணாம்பில் சலித்த காவியும், சிறிது கரித்தூளும் சேர்த்தாலே இந்நிறம் கிடைக்கும். நிறப்பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. தாண்டினால் சுவரில் சாய்ந்தவரின் சட்டையும் டோப் ஆகிவிடும். ஈரத்தில் கருமையாகத் தெரிவது, காய்ந்ததும் நன்றாக வெளுக்கும். முன்பே எண்ணெய் வண்ணம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதைச் சுரண்டி எடுத்த பின்னரே பூச வேண்டும்.

பூசி முடித்தபின் அலமாரிகளைச் சுவரை ஒட்டிப் போடாமல் நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். பூசணம் முதலில் குடியேறுவது அவற்றின் முதுகுப்புறத்தில்தான்.